பெரியம்மாவுக்காகப் பேச வெளியாள் எதற்கு? கவுன்சில் அனுப்பும் 'அட்வகேட்' பற்றி

நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். இங்கிலாந்தில் இருப்பவர்கள், அதிலும் மருத்துவமனையிலோ கேர் வேலையிலோ இருப்பவர்கள் யாராவது படித்தால் பதில் போடுங்கள். குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் நிலையில் இருக்கிறோம்.

என் பெரியம்மாவுக்கு 78 வயது. ஏழு வாரத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது கை விளங்கவில்லை. காலில் கொஞ்சம் பலம் திரும்பியிருக்கிறது. பேச்சில்தான் பெரிய அடி. தெளிவாக வரும் சொல் ஒன்றே ஒன்று: "வேண்டாம்". தண்ணீரை நீட்டினால் "வேண்டாம்" என்பார், பிறகு இடது கையால் வாங்கிக் குடித்துவிடுவார்.

இப்போது டிஸ்சார்ஜ் பேச்சு ஓடுகிறது. கேர் ஹோம்தான் பாதுகாப்பு என்கிறார்கள் வார்டில். பெரியம்மாவின் மகன், என் அண்ணன், தன் வீட்டுக்கே கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் இருப்பது நாலு மணி நேரப் பயண தூரத்தில். பெரியப்பா போன பிறகு 19 வருடமாகத் தன் ஃப்ளாட்டில் தனியாகவே இருந்து பழகியவர் பெரியம்மா. அங்கேயே வைத்துப் பார்க்க வழியில்லையா என்று நான் கேட்டால், "நீ வேலைக்குப் போய்விடுவாய், ராத்திரி விழுந்தால் யார் தூக்குவது?" என்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின், சோஷல் வொர்க்கர் போன் செய்து, பெரியம்மாவுக்கு ஓர் 'இண்டிபெண்டென்ட் அட்வகேட்' (யார் பக்கமும் சாராதவர்) ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அட்வகேட் என்றதும் அண்ணன் வக்கீல் என்று எடுத்துக்கொண்டான். "பெற்ற தாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதற்கு என்மேல் கேஸா?" என்று கத்தினான். வக்கீல் இல்லை என்று சொன்னேன். அப்போ யார் என்றான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் இத்தனை பேர் இருக்கும்போது அவருக்காகப் பேச வெளியாள் எதற்கு? தேவையில்லை என்று நாங்கள் சொல்லிவிடலாமா?

மூத்தவன் | ஞாயிறு, இரவு 11:03

சொல்லிவிடுங்கள் சகோதரி. நான் பட்டவன்.

என் அப்பாவுக்கு மறதிநோய். அவருக்கும் இப்படி ஒருவரை அனுப்பினார்கள். அந்தப் பெண்மேல் குறை சொல்லமாட்டேன், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். இரண்டு தடவை வந்தார், மொத்தம் ஒரு மணி நேரம் இருந்திருப்பார். அப்புறம் ஆறு பக்க அறிக்கை. அதில் ஒரு வரி: "தன் அறையில் தனியாக இருப்பதையே விரும்புவதாகத் தெரிகிறது." அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது. அந்த வாரம் அவருக்குச் சிறுநீரில் தொற்று, அதனால் யாரோடும் ஒட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

பிள்ளைகள் இருக்கிறோம். ஐம்பது வருடமாக அவர் முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். நமக்குத் தெரியாததா?

கோடைமழை | திங்கள், காலை 6:40

நான் 11 வருடமாக இந்த அட்வகேட் வேலையில் இருக்கிறேன். ரயிலில் இருந்து எழுதுகிறேன், நீளமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். உங்கள் அண்ணனுக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வரும். இலங்கையிலிருந்து வந்த ஐயாமார் என்னைப் பார்த்து "பிள்ளை, நீர் அப்புக்காத்தோ?" என்று, அதாவது வக்கீலா என்று, கேட்டிருக்கிறார்கள். கோர்ட்டுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. 'பரிந்து பேசுபவர்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், ஆனால் அதில் இரக்கம் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் வேலை இரக்கப்படுவது இல்லை. பெரியம்மா என்ன நினைக்கிறார் என்று பொறுமையாகக் கண்டுபிடித்து, முடிவெடுக்கிற கூட்டத்தில் அதைச் சிதையாமல் கொண்டுபோய் வைப்பது. அவருக்கு எது நல்லது என்று நான் என்ன நினைக்கிறேன் என்பது அங்கே கணக்கில் கிடையாது. அதை வாயைத் திறந்து சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் என்ற பராமரிப்புச் சட்டம், 67ஆம் பிரிவு. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய தேவைகளைக் கவுன்சில் மதிப்பிடும்போதும், பராமரிப்புத் திட்டம் போடும்போதும், அதை மறுபரிசீலனை செய்யும்போதும் அவர் அதில் பங்கெடுக்க வேண்டும். சொல்வதைப் புரிந்துகொள்வது, நினைவில் வைத்துக்கொள்வது, எடைபோட்டுப் பார்ப்பது, தன் எண்ணத்தை வெளியே சொல்வது, இந்த நாலில் ஒன்றிலாவது அவருக்குப் பெரிய சிரமம் இருந்து, துணைநிற்கப் பொருத்தமான ஒருவரும் இல்லையென்றால் கவுன்சில் ஓர் அட்வகேட்டை ஏற்பாடு செய்தே ஆகவேண்டும். கவுன்சில் மனம்வைத்துச் செய்யும் உதவி என்று நினைக்காதீர்கள், அது கடமை. பெரியம்மாவுக்கு நாலாவது விஷயத்தில் சிரமம் என்பது கண்கூடு.

"நாங்கள் இல்லையா?" என்பதுதான் உங்கள் கேள்வி. 'பொருத்தமான' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பாசம் இருக்கிறதா என்று யாரும் அளப்பதில்லை. அரசின் வழிகாட்டியிலேயே உதாரணங்கள் இருக்கின்றன: தூரத்தில் இருந்துகொண்டு எப்போதாவது வந்துபோகும் உறவினர், அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே தன் கருத்தைப் பலமாகச் சொல்லிவிடும் நண்பர், இவர்களால் அந்த வேலையைச் செய்வது கடினம் என்று. உங்கள் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு முடிவோடு நிற்கிறீர்கள். இருவரில் யாரை அவருடைய குரலாக சோஷல் வொர்க்கர் எடுத்துக்கொள்வார்?

நீங்கள் மறுக்க முடியாது. பெரியம்மா தானே அட்வகேட்டைப் போகச் சொன்னால் அது வேறு, அதை மதிக்கவேண்டும்.

மூத்தவன் ஐயா, உங்கள் அப்பா விஷயத்தில் நடந்தது தவறு. உங்களிடம் பேசாமல் அந்த வரியை எழுதியிருக்கக்கூடாது. பேச முடியாத ஒருவருக்காக வேலை செய்யும்போது அவரை அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

மூத்தவன் | திங்கள், மதியம் 1:25

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இரண்டு கேள்வி.

ஒன்று, உங்களுக்குச் சம்பளம் யார் பணத்தில்? கவுன்சில்தானே. செலவைக் குறைக்கப் பார்ப்பதும் அதே கவுன்சில்தானே. அப்புறம் எங்கே 'இண்டிபெண்டென்ட்'?

இரண்டு, இந்த நாட்டில் வாய்பேச முடியாதவர்களுக்குச் சட்டம் வந்ததே குடும்பங்கள் போராடித்தான். எச்.எல். என்று அழைக்கப்பட்டவரின் வழக்கைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர், பேசமாட்டார். 1997இல் சர்ரேயில் இருந்த போர்ன்வுட் மருத்துவமனையில் வைத்துக்கொண்டு, அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துவந்த தம்பதியை மாதக்கணக்கில் உள்ளே வரவே விடவில்லை. அந்தத் தம்பதிதான் விடாமல் நின்றார்கள். 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய சுதந்திரம் பறிக்கப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு அவருக்காக நின்றவர்கள் வீட்டு மனிதர்கள்.

கோடைமழை | திங்கள், இரவு 8:50

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்.

பணம் கவுன்சிலிடமிருந்துதான் வருகிறது, தனி அமைப்பு ஒன்றின் வழியாக. அட்வகேட் கவுன்சிலின் ஊழியராக இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. மதிப்பீடு நடந்த விதமோ அதன் முடிவோ சரியில்லை என்று எனக்குத் தோன்றினால் கவுன்சிலுக்கு அறிக்கை எழுதவேண்டும், அதற்கு அவர்கள் எழுத்தில் பதில் தந்தாகவேண்டும். நான் எழுதியிருக்கிறேன். பதிலும் வந்திருக்கிறது, ஒரு தடவை முடிவே மாறியும் இருக்கிறது. ஆனாலும் ஒப்பந்தம் அவர்கள் கையில் என்ற உறுத்தல் எனக்கும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். இன்னொன்று, பலநேரம் எங்களை மிகவும் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள். கேர் ஹோமில் இடம் பேசி முடித்த பிறகு, திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வெள்ளிக்கிழமை மாலை ஈமெயில் வரும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மணி நேரப் பழக்கத்தில் ஆறு பக்கம் எழுத நேர்வது இப்படித்தான். நிலாமுற்றம், உங்கள் சோஷல் வொர்க்கர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், அது நல்லது.

எச்.எல். வழக்கைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்தத் தீர்ப்பின் விளைவாகத்தான் 2009இல் 'டோல்ஸ்' என்ற பாதுகாப்பு முறையே வந்தது, திறன் இல்லாதவர்களின் சுதந்திரத்தைப் பறித்து வைத்திருப்பதற்கான விதிகள் அவை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தம்பதி இல்லாதிருந்தால்? அப்படி ஒருவரும் இல்லாதவர்களுக்காகத்தான் முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005ஆம் ஆண்டின் மெண்டல் கெபாசிட்டி சட்டத்தில் 'இம்கா' என்ற அட்வகேட்டை வைத்தார்கள், 2007இலிருந்து. முடிவெடுக்கும் திறன் இல்லாதவர், கலந்து பேச உறவும் நட்பும் இல்லை, பெரிய சிகிச்சை ஒன்று, அல்லது 28 நாளுக்கு மேல் மருத்துவமனை, எட்டு வாரத்துக்கு மேல் கேர் ஹோம் என்றால் இம்காவைக் கூப்பிடவேண்டும். மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர் எழுதுவதைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்ய முடியாது.

சாந்தி_கேர் | செவ்வாய், அதிகாலை 5:15

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு எழுதுகிறேன். கேர் ஹோமில் சீனியர் கேரராக இருக்கிறேன். 'நமக்குத் தெரியாததா' என்று மூத்தவன் அண்ணை எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன வருடம் எங்களிடம் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். 84 வயது. ரிவியூ மீட்டிங். சோஷல் வொர்க்கர் ஆங்கிலத்தில் கேட்டார், மகள் மொழிபெயர்த்தார். கேள்வி இதுதான்: இங்கே இருப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, ஏதாவது மாற்ற வேண்டுமா?

மகள் தமிழில் கேட்டது: "அம்மா, இங்க நல்லாப் பாக்கினம்தானே?"

அம்மா சொன்னது: "ஓம். உங்கட விருப்பம்."

மகள் ஆங்கிலத்தில் சொன்னது: "அம்மாவுக்கு இங்கே இருக்க விருப்பம்."

அந்த அறையில் தமிழ் விளங்கிய மூன்றாவது ஆள் நான்தான். விருப்பம் என்ற சொல் அம்மாவின் வாயிலிருந்து வந்தது உண்மை. யாருடைய விருப்பம் என்பது வழியில் மாறிப்போனது. அந்த மகள் பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாரம் நாலு நாள் வந்துபோகிறவர். அம்மா 'சரி' என்று சொல்லவேண்டும் என்று அவர் மனம் கிடந்து தவித்தது, அதனால் காதில் அப்படி விழுந்தது.

நான் மேனேஜரிடம் சொன்னேன். பிறகு வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரும் அட்வகேட்டும் வந்தார்கள், மகள் இல்லாத நேரத்தில், அம்மாவின் சம்மதத்தோடு. முதல் நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவைதான் வந்தது: இரவில் அறைக் கதவைத் திறந்து வைப்பது அவருக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். விழுந்தால் தெரியட்டும் என்று நாங்கள்தான் திறந்து வைத்தோம். கதவைச் சாத்தச் சொல்ல அந்த அம்மாவுக்கு எட்டு மாதம் ஆனது. மகளிடம் சொன்னால் மகள் கவலைப்படுவாள், எங்களிடம் சொன்னால் நாங்கள் கோபிப்போம் என்று நினைத்திருக்கிறார். யாரையும் நோகடிக்காமல் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர் வேறு, அட்வகேட் வேறு என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாமவர் சொன்னதைச் சொன்னபடி மாற்றுவார். "உங்கட விருப்பம்" என்றால் என்ன என்று நின்று யோசிப்பது இரண்டாமவர் வேலை.

கோடைமழை | செவ்வாய், காலை 7:02

சாந்தி, இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் "உங்க இஷ்டம்". நம் வீட்டுப் பெரியவர்கள் சம்மதத்துக்கும் அதையே சொல்வார்கள், மறுப்புக்கும் அதையே சொல்வார்கள், மனம் விட்டுப்போனாலும் அதையே சொல்வார்கள். எந்த ஃபார்மில் எந்தக் கட்டத்தில் அதை டிக் செய்வது?

மெல்லநடப்பவன் | செவ்வாய், இரவு 9:30

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அதாவது, யாரோ எனக்காகப் பேசவந்த பக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு மனநல வார்டில் இருந்தேன், மெண்டல் ஹெல்த் ஆக்டின் மூன்றாவது பிரிவின்கீழ். அந்தப் பிரிவில், விருப்பம் இல்லாவிட்டாலும், முதலில் ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். வாரம் ஒருநாள் வார்ட் ரவுண்ட். அறைக்குள் போனால் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு ஒரு நாற்காலி. அம்மாவும் இருப்பார். டாக்டர் என்னிடம் கேட்பதற்கெல்லாம் அம்மா பதில் சொல்வார். "நன்றாகத் தூங்குகிறான், இப்போது சாந்தமாக இருக்கிறான் டாக்டர்." அம்மாவுக்கு நான் சாந்தமாக இருந்தால் போதும். அந்த மாத்திரையால் எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அதை அம்மா முன்னால் சொன்னால் மருந்தை நிறுத்தப் பார்க்கிறான் என்று பயந்துவிடுவார். நான் சொல்லவே இல்லை.

நோட்டீஸ் போர்டில் அட்வகேட் பற்றிய தாள் இருந்தது. என்னைப் போல அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கு அது 2009இலிருந்து சட்ட உரிமை, 'இம்ஹா' என்பார்கள். நானே கேட்டுக்கொண்டேன். அவர் முதல் தடவை வந்தபோது எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பேசப்பேச ஒரு தாளில் எழுதி, "இது நீங்கள் சொன்னதா, சரியாக இருக்கிறதா?" என்று ஒவ்வொரு வரியாகக் காட்டினார். மூன்று கேள்வி எழுதினோம். கை நடுக்கத்துக்கு என்ன செய்யலாம். வேறு மருந்து உண்டா. ட்ரைப்யூனலில் (தீர்ப்பாயத்தில்) மேல்முறையீடு செய்தால் எப்படி நடக்கும். அடுத்த வார்ட் ரவுண்டில் தாளை நானே கையில் வைத்துக்கொண்டு படித்தேன். தாள் ஆடியது, அதை எல்லோரும் பார்த்தார்கள். டோஸைக் குறைத்தார்கள்.

அவர் எனக்குப் பதிலாக ஒரு வார்த்தை பேசவில்லை. இதை மூத்தவன் அண்ணாவுக்குச் சொல்லத்தான் எழுதினேன். அம்மாவின் இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை. இன்றும் அம்மாவோடுதான் இருக்கிறேன்.

கிளைடுக்கரை | புதன், காலை 8:11

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு: இங்கே சட்டம் வேறு. 2003ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி மனநோய், கற்றல் குறைபாடு, மறதிநோய் உள்ள யாருக்கும் அட்வகேட் உரிமை உண்டு. அடைத்து வைத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, வீட்டில் இருந்தாலும் கேட்கலாம். வேல்ஸுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்து விதிகளை வைத்துக் குழம்ப வேண்டாம்.

செல்வா_62 | புதன், மாலை 6:20

ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' (நெருங்கிய உறவு) என்று ஃபார்மில் பெயர் போட்டிருப்பதால் நமக்கு அதிகாரம் வந்துவிட்டது என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் பெரியவர் ஒருவருக்காகக் கையெழுத்துப் போட மகனுக்கும் மனைவிக்கும் அந்தப் பெயரால் எந்த அதிகாரமும் இல்லை. நம்மைக் கலந்து பேசவேண்டும், அது அவர்கள் கடமை. முடிவு நம்முடையது இல்லை. அதிகாரம் வேண்டுமென்றால் அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி' என்ற அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், அதிலும் உடல்நலத்துக்கு ஒன்று, சொத்துக்கு ஒன்று என்று இரண்டு. என் மனைவிக்கு முடியாமல் போனபோது சொத்துக்கானது மட்டும்தான் எங்களிடம் இருந்தது. வங்கிக் கணக்கைப் பார்க்க முடிந்தது, எந்த வார்டில் இருப்பார் என்பதை நான் தீர்மானிக்க முடியவில்லை. இப்போது நலமாக இருப்பவர்கள் இந்த வாரமே வீட்டில் பேசுங்கள்.

நிலாமுற்றம் | புதன், இரவு 10:45

எல்லோருக்கும் நன்றி. சாந்தி எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு "வரட்டும்" என்றான்.

கோடைமழை, ஒரு சந்தேகம். வார்டில் பெரியம்மாவுக்கு இந்த விஷயத்தில் முடிவெடுக்கும் திறன் இல்லை என்று எழுதிவிட்டார்களாம். போனில் ஸ்பீக்கர் போட்டு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். "வீட்டுக்குப் போகவேண்டுமா?" "வேண்டாம்." "கேர் ஹோமுக்கு?" "வேண்டாம்." எல்லாவற்றையும் மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வரப்போகிறவர் என்ன செய்வார்?

கோடைமழை | வியாழன், காலை 6:38

தண்ணீரை 'வேண்டாம்' என்று சொல்லி வாங்கிக் குடித்தார் என்று நீங்கள் முதல் பதிவிலேயே எழுதினீர்களே, அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அட்வகேட்டிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

பக்கவாதத்துக்குப் பிறகு மொழி அடிபட்டவர்களுக்கு மனதில் ஒன்றிருக்க வாயில் வேறொன்று வருவது உண்டு. ஆமாம், இல்லை இரண்டும் மாறி வரும். அதனால் சொல்லை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கவேண்டும். கண் எங்கே போகிறது, கை எதைத் தள்ளுகிறது, எதை விடாமல் பிடிக்கிறது. ஒரே விஷயத்தை நேராகவும் திருப்பிப் போட்டும் கேட்போம், வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில். பேச்சுப் பயிற்சியாளரைக் கூட வைத்துக்கொள்வோம். 'டாக்கிங் மேட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது: படங்களை எடுத்து ஒரு விரிப்பில் பிடித்தது, பிடிக்காதது, தெரியவில்லை என்று மூன்று இடத்தில் வைப்பது. சொல் வராதவர்களை அது நிறையப் பேசவைக்கும்.

திறன் இல்லை என்று எழுதியதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது: இயன்ற உதவி எல்லாம் செய்து பார்த்துப் பலிக்காதபோதுதான் ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று சொல்லலாம். போனில் ஸ்பீக்கர் என்பது இயன்ற உதவி எல்லாம் ஆகாது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. மற்றவர்கள் கண்ணுக்குப் புத்தியில்லாத முடிவாகத் தெரிவதால் மட்டும் அவரால் முடிவெடுக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. உங்கள் அண்ணனுக்கு இது கசக்கும்.

மூத்தவன் | வியாழன், இரவு 11:40

மெல்லநடப்பவன் தம்பி எழுதியதை நாலு தடவை படித்தேன்.

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை கேர் ஹோமில் விடமாட்டேன் என்று அம்மாவின் கடைசி நாளில் கையைப் பிடித்துச் சொன்னேன். காப்பாற்ற முடியவில்லை. அந்த அறிக்கையைப் படித்தபோது வந்த கோபத்தில் எவ்வளவு அந்தப் பெண்மேல் என்று இப்போது யோசிக்கிறேன். ஆனால் அந்த வரி தப்புதான். அப்பா தனிமை விரும்பியவர் இல்லை. அது காகிதத்தில் அப்படியே இருக்கிறது, அவர் போய்விட்டார்.

கோடைமழை | வெள்ளி, காலை 6:45

ஐயா, அந்த அறிக்கை எழுதிய அமைப்புக்கு நீங்கள் இப்போதும் கடிதம் எழுதலாம். அந்த வரியை அழிக்கமாட்டார்கள், ஆனால் உங்கள் திருத்தத்தையும் சேர்த்துக் கோப்பில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள். நான் செய்து தருகிறேன்.

நிலாமுற்றம் | நாலு வாரம் கழித்து, சனி, மாலை 4:05

என்ன ஆனது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அட்வகேட் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தமிழ் தெரியாது. முதல் நாள் எதுவுமே கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் கேட்டார்: "அவர் அந்த லாக்கரில் எதைத் தேடுகிறார்?"

பெரியம்மா இடது கையால் படுக்கைக்குப் பக்கத்து லாக்கர் கதவைத் திறப்பார், துழாவுவார், மூடுவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. நர்ஸ்கள் அதை 'அமைதியில்லாமல் இருக்கிறார்' என்று எழுதி வைத்திருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டாவது நாள் மொழிபெயர்ப்பாளரோடும் பேச்சுப் பயிற்சியாளரோடும் படங்களோடும் வந்தார். கட்டில், நாற்காலி, டிவி, கேர் ஹோம், அண்ணன் வீட்டு போட்டோ, அவருடைய சொந்த ஃப்ளாட்டின் வாசல் போட்டோ. அந்த வாசல் படத்தை பெரியம்மா விரிப்பில் வைக்கவே இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். வாய் மட்டும் "வேண்டாம், வேண்டாம்" என்றது. மற்ற படங்களை வைத்து முடித்துவிட்டு மறுபடி லாக்கரைத் திறந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி. ஆம்புலன்ஸில் வந்த அன்றே அவருடைய கைப்பையை பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் எடுத்துப்போய்விட்டான். வீட்டுச் சாவி அதில்தான் இருந்தது. 19 வருடமாகத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய சாவி.

அண்ணன் மறுநாளே நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். கையில் கொடுத்ததும் பெரியம்மா அதை எண்ணிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தடவினார், அப்புறம் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அதன்பிறகு லாக்கரைத் திறக்கவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

திறன் மதிப்பீட்டை மறுபடி செய்யவேண்டும் என்று அட்வகேட் எழுதிக் கேட்டார். காலை நேரத்தில், படங்களோடு, மூன்று தடவையாகச் செய்தார்கள். எங்கே இருப்பது என்ற முடிவை, உதவியோடு, அவரே எடுக்க முடியும் என்று இந்தத் தடவை எழுதினார்கள். அவர் முடிவு அவர் வீடு. கேரர் நாலு வேளை வருவார். கழுத்தில் அலாரம். ராத்திரிக்கு யாரும் இல்லை, அதுதான் எல்லோருக்கும் பயம், எனக்கும்தான். அண்ணன் மீட்டிங்கில் "எனக்கு இதில் சம்மதம் இல்லை, ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது" என்றான். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

சாந்தி_கேர் | சனி, மாலை 5:30

வீட்டுக்குப் போய்விட்டாரா?

நிலாமுற்றம் | சனி, மாலை 5:52

செவ்வாய்க்கிழமை போனோம். ஆம்புலன்ஸ் ஆட்கள் கதவைத் திறக்கச் சாவி கேட்டார்கள், பெரியம்மா கொடுக்கவில்லை. சக்கர நாற்காலியிலிருந்தே இடது கையால் போட்டார். முதல் தடவை நழுவியது, இரண்டாவது தடவை தலைகீழாகப் போனது, மூன்றாவது தடவை திறந்தது. நாங்கள் ஐந்து பேரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு வாரத்தில் ரிவியூ. அந்த அட்வகேட்டே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி அலாரம் ஒருமுறை அடித்தது, தெரியாமல் கை பட்டதாம். அண்ணன் காலை வரை தூங்கவில்லை.